ஒரு சேர் குறையுது

"பதினொண்ணுதான் இருக்கு மேடம். லிஸ்ட்ல பன்னெண்டு போட்டிருக்கு."

மூன்றாவது முறையாக எண்ணிவிட்டுச் சொன்னார் அருண்குமார். பீரோ, ஃபைல், ரப்பர் ஸ்டாம்ப், சுவர்க் கடிகாரம் எல்லாம் சரி. சேரில்தான் உதைத்தது.

ஸ்ரீராம்புரம் கிளை ஆபீஸில் சாந்தகுமாரிக்கு இன்று கடைசி நாள். புதிதாக வந்திருக்கும் அருண்குமார் லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டால்தான், முப்பத்திரண்டு வருஷ சர்வீஸை ஒரு கறையும் இல்லாமல் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"அவசரம்னு ஒருத்தருக்குக் கொடுத்திருக்கேன் சார். இன்னிக்குள்ள வந்துடும்."

"கொடுத்தீங்களா? கவர்மென்ட் சேர் மேடம் அது! கல்யாணத்துக்கு வாடகைக்கு விடற சாமானா?"

சாந்தகுமாரி சிரித்தார். அருண்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? நேற்று சாயங்காலம்தான் ஆனேக்கல் ஆபீஸில் குண்டூசி வரைக்கும் கணக்காக ஒப்படைத்துவிட்டு வந்த மனுஷர். அங்கே சார்ஜ் வாங்கிக்கொண்ட ஷில்பா, "உங்கள மாதிரி ஆளப் பார்த்ததே இல்ல சார்" என்று கை கூப்பியதில் ஏறிய பெருமை இன்னும் இறங்கியபாடில்லை.

"யாருக்குக் கொடுத்தீங்க? பேரைச் சொல்லுங்க."

"பேர் எதுக்கு சார்? பாவம், மானஸ்தர்."

"ஆபீஸ் சேரை இரவல் கேக்கறவனுக்கு என்ன மேடம் மானம்? ஒரு சேர் குறைவுன்னு ரிமார்க்ஸ் எழுதறேன். கீழேயே அந்த ஆள் பேரையும் எழுதணும். ரெண்டு பேருக்கும் மெமோ வரட்டும்!"

"என் பேரை மட்டும் எழுதிக்கோங்க சார்" என்றார் சாந்தகுமாரி.

அடக் கடவுளே, கடைசி நாளில் இந்த அம்மாவுக்கு இது தேவையா! அருண்குமாருக்கே ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ரூல்ஸ் ரூல்ஸ்தானே. பேனாவைத் திறந்தார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. ஆனேக்கல் ஆபீஸ் டிரைவர் முனிராஜ், ஒரு சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்... அட, சாரும் இங்கதான் இருக்கீங்களா?" சேரை இறக்கி வைத்தார். "நேத்து நம்ம லிஸ்ட்டுக்கு ஒரு சேர் குறையுது, எங்கேயாவது புடிச்சுட்டு வாய்யான்னு விரட்டினீங்களே சார். எங்கேர்ந்துன்னு நீங்களும் கேக்கல. இந்த மேடம்தான் கொடுத்தாங்க. உங்க பேரைச் சொன்னதும் மறுபேச்சே பேசல!"

அருண்குமார் முகத்தில் ஈயாடவில்லை.

சாந்தகுமாரி லிஸ்ட்டை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

"பன்னெண்டு ஆயிடுச்சு சார். அந்த ஆள் பேரு... இன்னும் எழுதணுமா?"