நகலுக்கு உயிர் வந்தது

"இன்னுமா நெட்வொர்க் வரல?" மூன்றாவது முறையாகக் கேட்டார் மேலாளர் லேமனா.

புது ஆட்களுக்குப் பயிற்சி தர, சவாயீ தீவுக்குப் போகும் படகின் டிக்கெட் சர்வரை அப்படியே நகலெடுத்திருந்தேன். நகலில் லினக்ஸ் எழுந்தது. நெட்வொர்க் கார்டு எழவில்லை. அதன் அமைப்புக் கோப்பில் அசலின் கார்டு எண்ணே இருந்தது. அதைத் திருத்தி, மறுபடி துவக்கினேன்.

"வந்துடுச்சு சார்!"

"கெட்டிக்காரன்டா சேஃபோ!"

மதியம் துறைமுகக் கவுண்டரிலிருந்து மாலியா அழைத்தாள். "அண்ணே, என்ன மந்திரம் போட்டீங்க? காலைல ஒரு சீட்டுகூட இல்ல. இப்போ படகு முழுக்கக் காலின்னு காட்டுச்சு! வெள்ளை ஞாயிறு பண்டிகைக்கு ஊருக்குப் போற கூட்டம் உங்களைக் கும்பிடுது."

கோப்பை மறுபடி திறந்து பார்த்தேன். கார்டு எண்ணை மாற்றினேனே தவிர, ஐ.பி. முகவரியை மாற்றவில்லை. அசலின் இடத்தில் நகல் போய் உட்கார்ந்துவிட்டது. அதை எடுத்ததோ போன மாதம், இந்தப் பயணத்துக்கு ஒரு டிக்கெட்கூட விற்காத நாளில்.

"மாலியா, விக்காதே!"

"எல்லாம் வித்தாச்சேண்ணே."

பின்னால் படகின் சங்கு ஊதியது.

"ஆனா ஒவ்வொரு சீட்டுக்கும் ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. நம்ம பஸ்ல மாதிரி ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்காருங்கன்னேன். கேப்டன்தான் ஒத்துக்க மாட்டேங்கறார். நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்!"