இடக்காலணியின் பிளவு

வடிவு மலைமுகட்டைக் காணப் புறப்படவிருந்தாள். தண்ணீர்க்குப்பி வாசலில் இருந்த காலணிகளிடம், "கரடுமுரடான பாறை வழியாம். தாங்குவீர்களா, தம்பிகளா? பாதி வழியில் வாயைப் பிளந்துவிடாதீர்கள்," என்றது.

"எங்களுக்கென்ன குறை?" என்ற இடக்காலணி, தன் அடியிலிருந்த பிளவைத் தரையோடு அழுத்தி மறைத்தது.

வலக்காலணி தாழ்ந்த குரலில், "மறைக்காதே. உன்னை நம்பித்தான் அவள் பாறையில் கால் வைப்பாள்," என்றது.

"தெரிந்தால் உன்னையும்தான் விட்டுவிட்டுப் போவாள்."

"போகட்டும்," என்ற வலக்காலணி, அதை மெல்ல இடித்துக் கவிழ்த்தது.

பிளவைக் கண்ட வடிவு, வேறு காலணிகளை அணிந்துகொண்டு குப்பியுடன் புறப்பட்டாள்.

இடக்காலணி பகல் முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. மாலையில் வடிவு நொண்டாமல் படியேறி வந்தாள். அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்த இடக்காலணி, வலக்காலணியிடம், "முகடு எப்படியிருந்ததாம்? அந்தக் குப்பியைக் கேட்டுச் சொல், அண்ணா," என்றது.