கூடுதல் மெமரி

"பீப்! பீப்! பீப்!"

கண்டியில் வாங்கிய கடைக்கே தர்ஷிகா தூக்கி வந்திருந்த டவர் சேர்வர் கம்ப்யூட்டர், சுவிட்சைப் போட்டதும் அலறியது.

"கேட்டீங்களா ரிஸ்மி நானா? தள்ளுபடின்னு சொல்லி எங்க தலையில கட்டிட்டீங்களே! நாளைக்கு ஹேவாஹெட்டயில எங்க பார்மசி திறப்பு. பில் போட இதைத்தான் நம்பியிருக்கோம்."

"இங்க ஓட்டிக் காட்டித்தானே தந்தேன் தங்கச்சி?"

"கூடுதல் மெமரி போட்டதும் செத்துப் போச்சு. அதுவும் நீங்க வித்ததுதான்! வெட்கமா இல்ல?"

ரிஸ்மி பெட்டியைத் திறந்தார். புதிய மெமரி அட்டையைக் கழற்றி, மின்சாரம் பாயும் அதன் விளிம்பைச் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்தார்.

"இதை யாரு மாட்டினது?"

"நான்தான்! ஒரு குறையும் வைக்கல. சாமி கும்பிட்டு, அந்தத் தங்கக் கலர் விளிம்பு பூரா சந்தனம் பூசித்தான் மாட்டினேன்!"