அம்மாவின் பட்டுச்சேலை

ஓவியருக்கு மாடலாக உட்கார வந்தவளுக்கு அந்த மகனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"அம்மா படம் நல்லதா ஒண்ணுகூட இல்ல. உங்களுக்கு அதே முகவெட்டு" என்று அம்மாவின் பட்டுச்சேலையையும் தோட்டையும் கொடுத்திருந்தான். படத்தை மாட்ட ஹாலில் ஆணிகூட அடித்தாயிற்று.

மூன்று மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்ததில் இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. வீடெங்கும் மருந்து நெடி வேறு. பெற்றவளுக்காக இப்படி உருகுகிறானே என்று பொறுத்துக்கொண்டாள்.

"லேசா சிரிங்க. அம்மாவுக்கு எப்பவும் சிரிச்ச முகம்" என்றவன் ஓவியரிடம் திரும்பினான். "காய எத்தனை நாளாகும்?"

"ஆயில் பெயிண்ட். ஒரு வாரமாவது ஆகும்."

"ஐயையோ, நாலு நாள்ல வேணுமே!"

"அப்படி என்ன அவசரம்?" என்றாள் அவள்.

கதவு ஒருக்களித்திருந்த அறைக்குள், கட்டிலிலிருந்து ஈனக்குரல் ஒன்று கேட்டது.

"யாருடா அது... என் சேலையக் கட்டிக்கிட்டு?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா... உயிரோட இருக்காங்களா?"

"டாக்டர் நாலு நாள்தான்னு சொல்லிட்டார்" என்றான் மகன். "இப்ப எலும்பும் தோலுமா கிடக்கறாங்க. அந்த மூஞ்சிய மாட்டி வச்சா, துக்கம் கேக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் அந்த அறைப் பக்கம் திரும்பினாள்.

"சிரிங்கம்மா" என்றான் மறுபடியும்.