சம்மதத்துக்கு வழி

“மறுபடியும் அறைஞ்சுட்டா சார்!”

கேம் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரையின் நடுவே தபால்தலை அளவுக்கு ஒரு மங்கலான படம். அதில் கதாநாயகி விடுவிடுவென்று போய்க்கொண்டிருக்க, மீசைக்காரக் கதாநாயகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ‘மீண்டும் முயல்க’ என்று எழுத்து வந்தது.

“மன்னிப்புக் கேட்டாலும் அறை, பூ கொடுத்தாலும் அறை. சும்மா நின்னாக்கூடவா?”

“சும்மா நிக்கிறவனைப் பார்த்தாத்தான் கை துறுதுறுங்கும்,” என்றபடி டீ கொண்டுவந்தாள் எடிட்டரின் மனைவி.

எடிட்டர் டீயில் கவனமானார். முப்பது வருடங்களுக்கு முன் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் படத்தை வெட்டி ஒட்டி, எந்த பட்டனுக்கு எந்தக் காட்சி என்று கோத்தவர் அவர்தான். பார்க்கிறவரே கதையை நடத்தலாம் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள். வந்த வேகத்தில் படுத்துவிட்டது.

“ஏன் சார் ஓடல?”

“படம் பார்க்க வந்தவனுக்கு பட்டன் பிடிக்கல. விளையாட வந்தவனுக்குப் படம் பிடிக்கல.”

“கடைசி வரைக்கும் அவ ‘சரி’ன்னே சொல்லல. அதை விட்டுட்டீங்களே!” என்றாள் மனைவி.

கம்பெனிப் பெண்ணால் சிரிக்க முடியவில்லை.

“இப்ப காலம் மாறிடுச்சு சார். போன்ல எதைப் பார்த்தாலும் ஜனங்க தட்டிக்கிட்டேதான் பார்க்கிறாங்க. இதைத் தூசி தட்டி மறுபடி விடலாம்னு நான்தான் எம்.டி.கிட்ட தலைகீழா நின்னேன். அவர் விளையாடிப் பார்த்துட்டு, வாங்கின அறையில கடுப்பாகி, ‘ஜெயிக்கவே முடியாததை எவன் வாங்குவான்?’னுட்டார். நாளைக்கு நான் ஒரு வழி சொல்லலைன்னா, இதோட சேர்த்து என்னையும் மூட்டை கட்டிடுவாங்க.”

எடிட்டருக்குப் பாவமாக இருந்தது. இருந்தும், “என்னம்மா பண்றது, அப்ப டிஸ்க்ல இடம் பத்தல. அந்தக் காட்சியை எடுக்கவே இல்ல,” என்றார்.

“எடுத்திருக்கீங்க சார்.” அவள் பையிலிருந்த லேப்டாப்பைத் திறந்தாள். “எங்க பசங்க டிஸ்க்கைக் குடைஞ்சு பார்த்துட்டாங்க. அவ சம்மதம் சொல்ற காட்சி முழுசா உள்ள இருக்கு. ஆனா எந்த பட்டனை அழுத்தினாலும் அதுக்குப் போக வழி இல்ல.”

“அப்படியா? வயசாச்சும்மா, ஞாபகம் இல்ல.”

“வீட்டுச் சாவி எங்கன்னு கேட்டாலும் இதையேதான் சொல்வார்,” என்றாள் மனைவி. “சாவி அவர் சட்டைப் பையிலயே இருக்கும்.”

லேப்டாப்பில் காட்சி ஓடியது. கதாநாயகி தலையைக் குனிந்து சிரித்தாள். மெல்ல மீசைக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எடிட்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இதைப் பார்த்தா விட்டுப்போன மாதிரி தெரியல சார். யாரோ வேணும்னே வழியை அடைச்ச மாதிரி இருக்கு. கோளாறுன்னா எம்.டி. மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொல்லிடுவார். அடைச்சதுதான்னா, நாங்களே திறந்துக்குவோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். என் வேலையே அதுலதான் இருக்கு.”

எடிட்டர் காலி டம்ளரை இன்னொரு தடவை குடித்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

மனைவி அந்த டம்ளரைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

“திறந்துக்கச் சொல்லுங்க. நமக்குக் கல்யாணமாகி பேரன் பேத்தியே எடுத்தாச்சு. இனிமேலா நான் அந்த மீசைக்காரனோட போயிடப் போறேன்?”