நாலு குழாய்க்கு ஒரு மெஷின்

ராயபுரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, மாதா கோயில் தேரோ, எதுவானாலும் மைக் செட் என்றால் இன்னாசிதான். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த முப்பது வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் நாலு குழாய் ஸ்பீக்கர்களும் அவன் சொத்து.

வெங்காய மண்டி சண்முகவேல் அவனைக் கூப்பிட்டனுப்பினார். கார்ப்பரேஷன் தேர்தலில் அவர் நிற்பது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் கடைசி நாள் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுத் தோற்றவர். தோற்றதற்குக் காரணம் மைக் செட் என்பது அவருடைய தீர்மானம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மண்டிக் கணக்கப்பிள்ளை மட்டும் தனக்குள் சொல்லிக்கொள்வார்.

“போன தடவை வந்தவன் குழாய் வெறும் கரகரப்பு. கடைசி வரிசைக்கு நான் பேசுனது எட்டவே இல்ல. இந்தத் தடவையும் தோத்தா மண்டிய மூடிட்டு ஊருக்கே போயிருவேன். முப்பது வாட்ஸ் காணுமா இன்னாசி?”

“வாட்ஸ் மட்டும் பாத்தா போதாது அண்ணாச்சி. என் குழாய் ஒண்ணொண்ணும் பதினாறு ஓம்ஸ். நாலையும் பக்கம் பக்கமா சேத்தா மொத்தம் நாலு ஓம்ஸ் ஆயிடும். மெஷின்ல நாலுன்னு போட்டுக்கீற எடத்துலதான் கம்பிய மாட்டணும். மாத்தி மாட்டுனா சத்தம் கலீஜாயிடும்.”

“கம்பி அந்து போச்சுன்னா?”

“அவ்ளோதான். குழாய் இல்லாம மெஷினு சும்மா கத்திக்கினு இருந்தா தன்னால எரிஞ்சுடும்.”

அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். புருஷன் ஜெயித்தால் தன் தலைமுடியையே தருவதாகத் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டவள்.

“இந்தத் தடவையாவது அவுக ஜெயிக்கணும் தம்பி. நீதான் பாத்துச் செய்யணும்” என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து இன்னாசிக்கும் மனசு கரைந்துவிட்டது.

எதிர்த்து நின்றவர் பக்தவச்சலம். பத்து வருஷமாகக் கவுன்சிலர் நாற்காலியை விடாதவர். அவர் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் போடும் பூவம்மா, கூட்டத்துக்கு முதல் நாள், கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இன்னாசியின் கடைக்கு வந்தாள்.

“நைனா, நாளிக்கு அண்ணாச்சி வாயத் தொறந்ததும் குழாய்க் கம்பிய வெட்டிடு. மெஷினு எரிஞ்சா எரியட்டும். புச்சா அம்பது வாட்ஸ் மெஷினு ஒண்ணு ஒன் கடைக்கு வந்துடும்.”

“யாரு சொல்லி அனுப்புனது?”

“பெரிய எடம். பேரு கேக்காத.”

கேட்டுத்தான் தெரியவேண்டுமா என்ன? இன்னாசிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மவுண்ட் ரோடு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஐம்பது வாட்ஸ் மெஷினை ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் அவன். ஆசை வெட்கம் அறியாது.

மறுநாள் சாயங்காலம் மைதானம் நிரம்பியிருந்தது. அண்ணாச்சி எழுந்தார். “பெரியோர்களே” என்றார். குரல் கணீரென்று ரயில்வே கேட் வரை போயிற்று. “தாய்மார்களே” என்பதற்குள், மேடைக்கு அடியில் உட்கார்ந்திருந்த இன்னாசி கம்பியை வெட்டிவிட்டு மெஷினின் சத்தத்தை முழுக்கத் திருகி வைத்தான்.

குழாய்கள் ஊமையாயின. அண்ணாச்சி இன்னும் பலமாகக் கத்தினார். மேடைக்கு அடியிலிருந்து புகை வந்தது. அரை மணி நேரம் கையைக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முன்வரிசைப் பெண்களும் அழுதார்கள்.

வெட்டுப்பட்ட கம்பியை யாரோ கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டினார்கள். அவ்வளவுதான், ராயபுரம் கொதித்தது. “ஒரு மனுசன பேச வுடாம பண்றதும் ஒரு பொயப்பா?” என்று மீன் மார்க்கெட்டிலிருந்து சாராயக்கடை வரை இதே பேச்சு. இன்ஸ்பெக்டர் கம்பியைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு, பக்தவச்சலத்தை ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தார். பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார் பக்தவச்சலம். எவன் நம்புவான்? சொந்த மெஷினையே பறிகொடுத்த இன்னாசி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சண்முகவேல் எண்ணூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஓட்டு எண்ணிய மறுநாளே புது மெஷின் மரப்பெட்டியில் கடைக்கு வந்து இறங்கியது. இன்னாசி பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தான். தோற்றுப் போயும் சொன்ன வாக்குத் தவறாத பக்தவச்சலத்தை நினைத்து ஒரு மெழுகுவர்த்தி கூட ஏற்றினான்.

வெற்றி விழாவுக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகக் காசு வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தான். நாலு குழாய்களையும் சேர்த்து, நாலு ஓம்ஸில் மாட்டி, புது மெஷினைத் துணியால் துடைத்து வைத்தான். கவுன்சிலர் சண்முகவேல் நன்றியுரைக்குத் தொண்டையைச் செருமும்போது பூவம்மா அவன் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“அன்னைக்குப் பண்ணியே, அதே வேலதான் நைனா. இப்பவே வெட்டிடு. இத்தவுட பெரிய மெஷினு வரும்.”

“பக்தவச்சலம்தான் தோத்துட்டாரே, இன்னும் இன்னாத்துக்கு?”

“அந்தாளு இன்னாத்துக்கு வெட்டச் சொல்றாரு? அண்ணாச்சி நெறைய பேசணும்னு தேங்கா ஒடச்சிக்கினு இருந்தாரு, பாவம்” என்ற பூவம்மா, மோவாயால் மேடையைக் காட்டினாள்.

அங்கே, கவுன்சிலருக்குப் பக்கத்து நாற்காலியில் மொட்டைத் தலையும் ரோஜா மாலையுமாக உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம், ‘சீக்கிரம்’ என்று இன்னாசிக்குக் கண்ணைக் காட்டினாள்.