கொல்லைக் குளத்தில் பிள்ளையார்

பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போன ஷ்யாம்சுந்தர், நுரையோடு கத்தினான்.

“ப்ரியா, இங்க வா. நம்ம குளத்துல யாரோ பிள்ளையாரைக் கரைச்சிட்டுப் போயிருக்காங்க.”

அஸ்தினாபுரம் வீட்டுக் கொல்லையில் அவனே குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, பம்ப்பும் ஃபில்டரும் மாட்டிய குளம் அது. சிறுசேரி ஆபீசில் அதன் போட்டோவைப் பார்க்காத ஆள் பாக்கியில்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை பளிச்சென்று தெரியும். இன்று டீக்கடை டீ மாதிரி இருந்தது; மேலே எருக்கம்பூ மிதந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

அவன் மனைவி விஷ்ணுப்ரியா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “அது வந்து, ஷ்யாம்...”

“நீ சும்மா இரு. போன வருஷம் இதுல சோப்புத் தண்ணி ஊத்தினியே, அதையே நான் இன்னும் மறக்கல. இதைப் பண்ணினது யாருன்னு தெரியட்டும், அப்புறம் இருக்கு.”

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக் கங்கையம்மாளின் தலை தெரிந்தது.

“நான்தான் தம்பி.”

“நீங்களா அக்கா?”

“ஆமா. ஏரி தொலவா கீது. கெணறுன்னு எங்கியும் இல்ல. இன்னா பண்றது, உங்க கொளத்துலயே கரைச்சிட்டேன்.”

பிடித்துக்கொண்டான். களிமண் ஃபில்டரை அடைக்கும், மீனுக்கு மூச்சு முட்டும், சாமிக்கே அடுக்காது என்று திட்டித் தீர்த்தான். ரேஷன் கடையையே ஆட்டி வைக்கும் மனுஷி, “சரி தம்பி, சரி தம்பி” என்று தலையாட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

லீவு போட்டான். பாதித் தண்ணீரை இறைத்து, ஃபில்டரைக் கழுவினான். சாயங்காலம் மீன்கள் பழையபடி ஓட ஆரம்பித்ததும் கோபமும் இறங்கியது.

வலையில் இரண்டு குன்றிமணிகள் சிக்கின. பிள்ளையாரின் கண்கள். குப்பையில் போட மனசு வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனான்.

அங்கே கூடத்தில் கங்கையம்மாளின் பிள்ளையார் எருக்கம்பூ மாலையோடு, இரண்டு கண்ணும் பளபளக்க, ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, அப்போ இது யார் வீட்டுப் பிள்ளையாரோட கண்?”

கங்கையம்மாள் ஜன்னலைச் சாத்தினாள்.

“கத்தாதீங்க. உங்க வூட்டுதுதான். பூஜை ரூமை எட்டிப் பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஏரிக்கு இட்டுகினு போங்கன்னு அந்தப் பொண்ணு தெனமும் கேட்டுச்சாம். நீங்க ஞாயித்துக்கெழம, ஞாயித்துக்கெழமன்னே சொன்னீங்களாம். நேத்து நீங்க ஆபீஸ் போனப்பறம் கரைச்சிட்டு, என்னாண்ட வந்து ஒரே அழுகை.”

ஷ்யாம்சுந்தர் குன்றிமணிகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“அதுக்கு நீங்க எதுக்கு அக்கா திட்டு வாங்கினீங்க?”

“என்னைன்னா ஒரு வேளையோட திட்டி முடிச்சிடுவீங்க. அந்தப் பொண்ணைன்னா அடுத்த சதுர்த்தி வரைக்கும் இல்ல திட்டுவீங்க?”